பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில்: பெற்றோரிடம் நாம் பேசவேண்டியவை



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் இந்த மேடையில் கவிதை பேசியிருக்கிறோம், வரலாறு பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவது என்று மன்றத்தில் முடிவு செய்தோம். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் நம் காலனி வீடுகளில் தொடங்கும் பதற்றம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பலர் அதைத் தாண்டித்தான் இந்தக் கூடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் தெருவில் அடுத்து நிற்கும் தம்பி தங்கைகளின் அம்மா அப்பாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

அம்பேத்கரின் படிப்பைச் சொல்லும்போது கொலம்பியாவில் தொடங்குவது நம் வழக்கம். அதற்கு முன்னால் பம்பாய் பரேலில் ஒற்றை அறை ஒன்று இருந்தது. ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வருமானம் சொற்பம். மகன் கேட்ட புத்தகத்துக்குக் கையில் காசு இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்குப் போய்க் கடன் கேட்பார். அங்கே கிடைக்காவிட்டால் இன்னொரு மகளிடம் போய் நகையை வாங்கி அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அந்த அறையில் இருவர் சேர்ந்து படுக்க இடம் கிடையாது. மகனை முன்னிரவில் தூங்கவிட்டு, இரவு இரண்டு மணிவரை தாம் விழித்திருந்து, அவரை எழுப்பிப் படிக்க உட்காரவைத்த பிறகே தகப்பனார் படுப்பார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார் பீமராவ். மேல்படிப்புக்குப் பணம் போதாமல் நின்றபோது ஆசிரியர் கேலுஸ்கர் பரோடா மன்னரிடம் எடுத்துச் சொல்ல, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ராம்ஜி இறந்துபோனார். மகன் கப்பலேறி நியூயார்க் போனதை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் மூன்று பேர் இருக்கிறார்கள். நேரத்தையும் இடத்தையும் உண்டாக்கிக் கொடுத்த தகப்பனார், வழி தெரிந்த வெளியாள் ஒருவர், பணம் கொடுத்த ஓர் அரசு. மூவரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றிருக்கும். மூன்றாமவரை ஒரு மன்னரின் தயவில் விட்டுவைக்கக் கூடாது என்று அம்பேத்கர் நினைத்திருக்கவேண்டும். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், 1942இல், பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்த மனுவில் உயர்கல்விக்கான உதவித்தொகையையும் கேட்டார். இன்று போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று நாம் சொல்லும் திட்டம் 1944 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக, பணம் கொடுக்க அரசு இருக்கிறது. இடஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. தாய் தகப்பனும் இருக்கிறார்கள். பல வீடுகளில் இல்லாதவர் கேலுஸ்கர்தான். இந்தக் கூடத்தில் இருப்பவர்களை அந்த இடத்துக்கு அழைக்கிறோம்.

அந்த ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றம்வரை போன இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். 2021இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த தலித் மாணவர் ஒருவரால், கார்டு வேலை செய்யாததால், குறித்த நேரத்துக்குள் கட்டணம் கட்ட முடியவில்லை. இடம் போனது. 2024இல் உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கிராமத்தில் கடன் வாங்கிச் சேர்ப்பதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது, இணையதளம் மூடிக்கொண்டது. இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு பிள்ளைகளும் மதிப்பெண்ணில் தோற்கவில்லை. நம் பக்கத்துப் பிள்ளை அரசு கலைக் கல்லூரி இடத்தை இதே மாதிரி இழந்தால் டெல்லிவரை யார் போவார்கள்?

விண்ணப்ப மாதங்களில் காலனி சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். வரும் பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் முதல் வாக்கியம், "எங்களுக்கு என்னா தெரியும் தம்பி, நீங்களே பார்த்துப் போட்டுடுங்க." இதை அப்படியே ஏற்றுக்கொண்டு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவது எளிது. அப்படிச் செய்தால் அடுத்த வாரம் ஓ.டி.பி. வரும்போது அந்த அம்மா மறுபடியும் திகைத்து நிற்பார். படிவத்தை அவர் முன்னால் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லி, அவர் வாயால் பதில் வாங்கி நிரப்ப வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் எந்தத் தாள் எந்த உறையில் இருக்கிறது என்பது பிசகாமல் நினைவிருக்கும். ரேஷன் கடையும் நூறு நாள் வேலையும் அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்திருக்கின்றன.

முதலில் பெயர். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் அதிகம் பேரை அலையவிடுவது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இன்ஷியலே இருக்காது. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும். எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்று கேட்டால், பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துங்கள் என்போம். ஆதார் திருத்தம் டிசம்பரில் செய்தால் நிதானமாக முடியும். மே மாதம் இ-சேவை மையத்தில் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

அடுத்து சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று ஏழு பெயர்கள் அதில் வரும். சான்றிதழில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறதோ அதை வைத்தே பிள்ளை எஸ்.சி. பட்டியலா, எஸ்.சி.ஏ. பட்டியலா என்று முடிவாகும். விண்ணப்பத்தில் எதைச் சொடுக்குவது என்பதைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் பழக்கதோஷத்தில் எஸ்.சி. என்று போட்டுவிடுவார்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் சிக்கல் வேறு. 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே தீண்டாமையை அனுபவித்த இரண்டு பிள்ளைகள் இரண்டு பட்டியலில் நிற்கும் அநியாயத்தைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். விண்ணப்ப மேசையில் பெற்றோருக்குச் சொல்லவேண்டியது, அவர்கள் பிள்ளைகளும் ஆதிதிராவிடர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கேட்கலாம் என்பது. தங்களுக்கு எதுவுமே கிடையாது என்று பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடம் எடுத்தது இருக்கிறது என்று நம்பியிருக்கக் கூடாது. உதவித்தொகைக்கு ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. கைப்பேசி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை நண்பனின் எண்ணைக் கொடுத்திருப்பான், அல்லது பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணையே போட்டிருப்பார். ஓ.டி.பி. அங்கே போகும், இடம் ஒதுக்கிய செய்தியும் அங்கே போகும். வீட்டில் நிரந்தரமாக இருக்கும் எண்ணைக் கொடுத்து, கலந்தாய்வு முடியும்வரை ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்வதைப் பெற்றோரின் பொறுப்பாக்கிவிடுங்கள். அப்பாக்கள் இதைப் பெருமையாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி, எந்த வாசல் வழியாக நுழைவது. "நமக்குன்னு ஒதுக்குன சீட்டு தானே கிடைக்கும்" என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இது தவறு. 31 சதவீதப் பொதுப்போட்டி இடம் எல்லோருக்குமானது. மதிப்பெண் இருந்தால் நம் பிள்ளை அங்கே இடம் பெறும், ஒதுக்கீட்டு இடம் நம்மில் இன்னொரு பிள்ளைக்கு மிஞ்சும். சாதியைக் குறிப்பிட்டால் பொதுப்போட்டியில் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்ட குடும்பங்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். இந்த வழியில் பொறியியலில் சேர்பவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் மாநில அரசே கட்டுகிறது. மத்திய அரசு நிறுவனங்களில் கணக்கு வேறு: எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5. இரண்டு ஏழரைகளும் ஒன்று என்று நினைத்து ஓர் அப்பா எங்களிடம் வாதாடினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு ஐ.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்பதும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதும் அப்படித்தான் சொல்லாமல் விடப்பட்டவை. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பதே டெல்டா மாவட்டங்களில் பல வீடுகளுக்குத் தெரியாது.

கட்டணம் என்றதும் பின்வாங்குகிறவர்களிடம் எண்ணைச் சொல்லுங்கள். அண்மை ஆண்டுகளில் அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்துக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர் கட்டியது பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பொறியியல் கலந்தாய்வுக்கு மற்றவர்களுக்கு 500, நமக்கு 250.

பொறியியலில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தரவரிசை வந்ததும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்தித் தரவேண்டும். கணினி அந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். எனவே அதிகம் விரும்புவது மேலே இருக்க வேண்டும். இதை விளக்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கல்லூரிப் பெயர்களைச் சின்னச் சின்னத் தாள்களில் எழுதித் தரையில் பரப்பி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து அடுக்கச் சொல்வோம். பேச்சு அப்போதுதான் தொடங்கும். அப்பா பேருந்துத் தடத்தைச் சொல்வார். அம்மா விடுதியில் யார் இருப்பார்கள் என்று கேட்பார். பிள்ளை அதுவரை வாய் திறக்காமல் வைத்திருந்த ஆசையைச் சொல்லும். கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேண்டும் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்க, மகள் வரலாறு படிக்கவேண்டும் என்று அந்தத் தரையில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டிருக்கிறோம். சண்டையும் வந்தது. வெளியாள் இருக்கும்போது வரும் சண்டை கொஞ்சம் மரியாதையோடு நடக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் தயக்கத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரவு ஏழு மணி பேருந்தில் தலித் பெண் தனியாக வருவது எப்படிப்பட்ட ஊர்களில் என்பது அவர்களுக்கு நம்மைவிடத் தெரியும். அறிவுரை அங்கே எடுபடாது. அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் நம் பெண் ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அரசு விடுதி எத்தனை தூரத்தில் என்று பார்த்துச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதையும், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏஜென்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். தேர்வு முடிந்த வாரத்திலிருந்தே அவர்கள் தெருவுக்குள் வந்துவிடுகிறார்கள். சில சமயம் பிள்ளைக்குப் பாடம் நடத்திய ஆசிரியரே முன்னால் வருவார். "எஸ்.சி.க்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, நீங்க ஒத்த ரூபா கட்டவேணாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க" என்பார்கள். இனிப்பான பேச்சு. பிள்ளையைக் கலந்தாய்வுக்கு அனுப்பாமல் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கோட்டாவில் சேர்ந்தவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. இரண்டாம் பருவத்தில் கல்லூரி பணம் கேட்கும்போதுதான் வீட்டுக்கு இது தெரியவரும். வெளியேறலாம் என்றால் அசல் சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருக்கும். பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?" இதை மனப்பாடமாகச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். பதிலை எழுதித் தரச்சொல்லிக் கேட்கவும் சொல்லுங்கள். பெரும்பாலான ஏஜென்டுகள் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகல் எங்கள் மேசையில் எப்போதும் இருக்கும்.

கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த எஸ்.சி., எஸ்.டி. மாணவரிடம் கல்விக் கட்டணத்தைக் கேட்டு நெருக்கக் கூடாது என்பதற்கு 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. ஆணை இருந்தும் கேட்கிறார்கள். உதவித்தொகை வர மாதக்கணக்கில் ஆகிறது. வராத பணத்துக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்துகிறார்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரிக்கப்பட்ட பிறகு, மத்தியப் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. இதில் இரண்டு ஆபத்து. ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் பணம் போய்விடும். வீட்டில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் முப்பதாயிரம் ரூபாய் திடீரென்று கணக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. அது கல்லூரிக்குப் போகவேண்டிய பணம் என்பதைச் சேர்க்கையின்போதே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அப்பாவைவிட அம்மாவிடம் சொல்வது மேல் என்பது எங்கள் கருத்து, வருத்தப்படும் அப்பாக்கள் மன்னிக்கவும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கேட்ட இடம் கிடைக்காமல் போகலாம். குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். படித்துக்கொண்டிருந்தபோதே விதி மாறியது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவர் பெயரைச் சொல்லிப் போராடுகிற நாம், ரிசல்ட் வரும் நாளில் நம் தெருவில் எந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது என்று போய்ப் பார்க்கவும் வேண்டும். "இவ்ளோ செலவு பண்ணேனே" என்ற சொல்லை அந்த வாரம் மட்டுமாவது வாயில் வரவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். உடனடித் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் சேரலாம். துணைக் கலந்தாய்வு இருக்கிறது. எஸ்.சி.ஏ.வில் நிரம்பாத இடங்கள் கடைசியில் எஸ்.சி. மாணவருக்கு வரும். கலை அறிவியல் கல்லூரிகளில் ஆகஸ்ட்வரைகூட இடம் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். பிள்ளை பேச்சற்றுப் போனால் 104க்கும் 14416க்கும் இரவிலும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் காலண்டரில் எழுதித் தொங்கவிடச் சொல்கிறோம்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் ஒரு நாள் சமுதாயக் கூடத்தில் மறுபடி மேசை போடுகிறோம். காலை பத்து மணிக்கு வந்தால் போதும். ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் ஆளுக்கு மூன்று குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜூலை முடியும்வரை அந்த மூன்று வீட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வருகிறவர்களைப் பிள்ளையோடு வரச்சொல்லுங்கள். பிள்ளை வராவிட்டால் அம்மா அப்பாவாவது வரட்டும். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் நாள் பெயரை மட்டும் ஒத்துப் பார்ப்போம்.